வேலியோரத்துக் குருவி

கிளென்ஃபீல்ட், ஆக்லாந்து
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்புஜத்துக்கு,

சுந்தரமூர்த்தி எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. உன் முழங்காலைப் பற்றித் தினமும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் கடிதம் என்றால் அதைக் கேட்காமல் ஆரம்பிக்க முடியாது. பிசியோதெரபிப் பெண் வந்தால், இன்றைக்கு வலிக்கிறது, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பாதே. அவள் சொல்கிறபடி காலை மடக்கி நீட்டு.

தினமும் வீடியோவில் முகத்தைப் பார்த்துக்கொள்கிற காலத்தில் இந்த மனுஷனுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். மாப்பிள்ளையின் நண்பர் விக்னேஷ், தன் தங்கை கல்யாணத்துக்காக நாளை திருச்சிக்குக் கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பாட்டில் தேனும், உன் காலுக்குத் தடவ ஒரு தைலமும் இருக்கும். உனக்குத் துணையாக வந்திருக்கும் உன் அண்ணிக்கும் தேனில் கொஞ்சம் கொடு. கடிதத்தை மட்டும் தனியாக உட்கார்ந்து படி. இதைப் போனில் சொல்ல என்னால் ஆகாது. நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்வாய். பக்கத்தில் அண்ணி உட்கார்ந்துகொண்டு, நான் இருமினால்கூட ஏன் இருமுகிறார் என்று விசாரிப்பார்கள். இந்த வீட்டுச் சுவரோ மரப்பலகை. ஒரு அறையில் கொட்டாவி விட்டால் அடுத்த அறையில் கேட்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். இப்போதெல்லாம் குருவிப் படம் ஏன் அனுப்புவதில்லை என்பது ஒன்று. நீ கூப்பிடுகிற நேரத்தில் நம் பேத்தி தர்ஷினி ஏன் வீட்டில் இருப்பதே இல்லை என்பது இன்னொன்று. கேமரா ரிப்பேர் என்று சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டதும் மற்றப் பிள்ளைகளோடு விளையாட அங்கேயே ஒரு வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள், குழந்தைக்கு நல்லது என்றும் சொன்னேன். கேமரா ரிப்பேர் இல்லை. குழந்தைக்கு நல்லதுதான், ஆனால் சேர்த்ததற்குக் காரணம் அது இல்லை. உன் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அதை எழுத முடியாமல் காலையிலிருந்து தாளைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்திருந்தோம், உன் ஆபரேஷன் நடுவில் வந்துவிட்டது. நானும் இருந்துவிடுகிறேன் என்றேன். நீங்க இருந்து என்ன, கஞ்சியா காய்ச்சித் தரப்போறீங்க, போய்ப் பேத்தியைப் பாருங்க, லீவுல அவளை யார்கிட்ட விடுறதுன்னு அபர்ணா தவிக்கிறா என்று நீதான் துரத்திவிட்டாய். துரத்தியதில் எனக்கு வருத்தமில்லை. அந்த லீவு நாட்களில் நான் ராஜா மாதிரி இருந்தேன். அபர்ணாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனதும் வீடு எனக்கும் தர்ஷினிக்கும்தான். மத்தியானம் தயிர்சாதம் பிசைந்து கொடுப்பேன். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இருவருக்கும் புரியும். ஏழு வயதிலேயே அவளுக்கு அப்படியே உன் வாய்.

அப்போதுதான் மாப்பிள்ளை அலமாரியிலிருந்து அந்தக் கேமராவை எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது மாமா, சும்மாதான் கிடக்குது, நீங்களாவது எடுங்க என்றார். முன்னால் சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸ். பின்பக்கத் தோட்டத்தில் வேலியை ஒட்டி ஒரு பாட்டில் பிரஷ் மரம் இருக்கிறது. நம் காலனிப் பூங்காவிலும் உண்டே, சிவப்பாகப் பூத்துத் தொங்குமே, அதேதான். ஒரு நாள் அதில் பச்சை நிறத்தில், கைக்குள் மூடிக்கொள்கிற அளவில் ஒரு குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூவுக்குள் அலகை விட்டுத் தேன் குடித்தது. கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்ட மாதிரி வெள்ளை வளையம். எனக்கு உடனே நம் வீட்டுச் செம்பருத்திச் செடி ஞாபகம் வந்துவிட்டது. சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு, ஏங்க, ஹம்மிங் பேர்ட் வந்திருக்கு, சத்தம் போடாம வாங்க என்று கூப்பிடுவாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அது எந்த நாளும் இருந்ததில்லை. வாழ்நாள் முழுக்க வாலைக்கூட எனக்குக் காட்டாத பறவை இங்கே என் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருக்கிறது, இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியே தீருவேன் என்று இறங்கிவிட்டேன்.

அது ஹம்மிங் பேர்ட் இல்லை தாத்தா என்று தர்ஷினி ஒரு தடவை சொன்னாள். உனக்கு என்ன தெரியும், உன் பாட்டியைக் கேட்டுப் பார் என்று அவள் வாயை அடைத்தேன்.

நான் அனுப்பிய படங்களின் லட்சணம் உனக்கே தெரியும். ஒன்றில் வால் இருக்கும், ஒன்றில் வெறும் கிளை ஆடிக்கொண்டிருக்கும். கீழே நின்று பார்த்தால் இலைதான் மறைத்தது. அதனால் கராஜில் கிடந்த பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி நின்றேன். ஆரஞ்சு என்றால் இந்தக் குருவிகளுக்கு உயிர் என்று தர்ஷினி சொன்னதால், பழத்தைப் பாதியாக வெட்டிக் கிளையில் ஆணி அடித்துச் செருகினேன். ஆரஞ்சு வேலிப் பக்கம் இருந்தது, அதனால் கேமராவும் வேலிப் பக்கம் திரும்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக் கத்துகிற சத்தம் கேட்கும். ஐயோ, கத்திக் கத்திக் குருவியை விரட்டுகிறதுகளே என்று எரிச்சல் படுவேன், அவ்வளவுதான்.

ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அபர்ணா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் மணி அடித்தது, நான்தான் போய்த் திறந்தேன். ஒரு போலீஸ் அம்மாள், கூட ஒரு இளவயதுப் போலீஸ்காரர். மாப்பிள்ளை காரை எங்கேயோ தப்பாக நிறுத்திவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, உள்ளே வாருங்கள், காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் அந்தக் காபியை நினைத்துத்தான் முதலில் கூசுகிறது.

அந்த அம்மாள் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள். நீங்கள் தோட்டத்தில் படம் எடுப்பதுண்டா, எதை எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். அடேயப்பா, நம் புகழ் தெரு முழுக்கப் பரவிவிட்டதே என்று நான் பூரித்துப் போனேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் காலமெல்லாம் பேசிய இங்கிலீஷை வரவழைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, ஹம்மிங் பேர்ட் என்றேன்.

அந்த இளவயதுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. நியூசிலாந்தில் ஹம்மிங் பேர்டே கிடையாது சார் என்றாள்.

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். பக்கத்து வீட்டு மிஷெலுக்கு இரண்டு பெண் குழந்தைகள். வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்து, லீவு முழுக்க அதுகள் நீச்சல் உடையில் விளையாடிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் பெட்டியின் மேல் ஏறி நின்று, நீள லென்ஸ் வைத்த கேமராவை வேலிக்கு மேலே நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறான் என்று மிஷெல் புகார் கொடுத்திருக்கிறாளாம். அம்புஜம், அந்த ஆள் நான்.

இன்சூரன்ஸ் கிளெய்மில் பொய் எது, மெய் எது என்று பார்த்தே தலை நரைத்தவன் நான். கேட்ட முதல் கேள்விக்கே, ஊரில் இல்லாத பறவையின் பெயரைச் சொல்கிற ஆசாமியை நானே நம்பியிருக்க மாட்டேன். அந்த அம்மாள் நம்பாததில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அப்போது அபர்ணா என் பக்கம் திரும்பினாள். கையில் மாவுக் கரண்டி. கண் மூடித் திறக்கிற நேரம்தான் இருக்கும், அந்த நேரம் அவள் என்னை யாரோ ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்துவிட்டது போல எனக்கு உடம்பெல்லாம் குன்றிப்போயிற்று.

மாப்பிள்ளை சந்தீப் முன்னால் வந்து, கேமராவைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, இவர் என் மாமனார், இவரைப் பற்றி எனக்குத் தெரியும் என்று அவர்களிடம் சொன்னார். அபர்ணா குறுக்கிட்டு, இல்லை, பார்க்கட்டும் என்றாள். என்னிடம் தமிழில், எடுத்துட்டு வாங்கப்பா என்றாள். அது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல். நான் போய் எடுத்து வந்தேன். லென்ஸின் மூடி கழன்று கீழே விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டது. அதை எடுக்கக்கூட யாரும் குனியவில்லை.

சாப்பாட்டு மேஜையில் வைத்து எல்லாப் படத்தையும் பார்த்தார்கள். வால், கிளை, வானம், என் கட்டைவிரல், மறுபடியும் வால். அந்த இளவயதுக்காரர் ஒரு இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஒரே ஒரு படத்தில் ஆரஞ்சின் மேல் குருவி தெளிவாக உட்கார்ந்திருக்கிறது. நான் எடுத்ததிலேயே அது ஒன்றுதான் உருப்படி. குருவிக்குப் பின்னால், வேலிக்கு மேலே, மங்கலாக இளஞ்சிவப்பில் ஏதோ தெரிந்தது. அதைப் பெரிதாக்குங்கள் என்று ஒரு குரல். போலீஸ் சொல்லவில்லை, அபர்ணா சொன்னாள்.

பெரிதாக்கினார்கள். இன்னும் பெரிதாக்கினார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் குருவியைத்தான் பார்த்தேன், அது சத்தியம். ஆனால் கேமரா எதைப் பார்த்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சமயத்தில் என் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது அம்புஜம். ஒன்றும் இருக்கக்கூடாது என்று முருகனைக் கும்பிட்டேன். ஒரு தப்பும் செய்யாதவன் எதற்குக் கும்பிட வேண்டும், சொல்.

கடைசியில் அது தொட்டியில் மிதக்கவிடுகிற காற்றடைத்த பொம்மை. கழுத்தை வளைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் ஃபிளமிங்கோ நாரை. அந்தப் போலீஸ் அம்மாள் சிரித்துவிட்டாள். இந்தப் பச்சைக் குருவிக்கு வேக்ஸ்-ஐ என்று பேர், எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கும் வரும் என்றாள். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொன்னாள். இனி வேலிப் பக்கம் ஏறி நிற்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அடுப்பில் இட்லி தண்ணீர் வற்றித் தீய்ந்துபோயிருந்தது.

நம் வீட்டுச் செம்பருத்திக்கு வருவதும் ஹம்மிங் பேர்ட் இல்லையாம். பிறகு போனில் தேடிப் பார்த்தேன். அது தேன்சிட்டு. ஹம்மிங் பேர்ட் அமெரிக்கா பக்கம்தான் உண்டாம். இதற்காக நீ ஒன்றும் வருத்தப்படாதே, நம் காலனியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். நீ கூப்பிட்ட பேர்தான் என் வாயில் வந்தது என்று குற்றம் சொல்ல இதை எழுதவில்லை.

அத்தோடு முடிந்தது என்று மாப்பிள்ளை நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். அன்று சாயங்காலம் தர்ஷினியைக் குளிப்பாட்டிக்கொண்டே அபர்ணா மெதுவாகப் பேசுவது என் அறையில் கேட்டது. தாத்தா உன்னைப் படம் எடுப்பாரா, நீ குளிக்கும்போது, டிரெஸ் மாற்றும்போது உள்ளே வருவாரா, எதையாவது அம்மாவிடம் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தாத்தா என்னை எடுக்கவே மாட்டேன் என்கிறார், நான் ரொம்ப ஆடுகிறேனாம், குருவியை மட்டும்தான் எடுப்பாராம் என்று குழந்தை என் மேல் புகார் சொன்னது. நான் கட்டிலில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். பொத்திய பிறகும் கேட்டது.

மறுநாள் காலையில், உங்களுக்கும் ரெஸ்ட் வேணும்பா, லீவு முடியிற வரைக்கும் தர்ஷுவை வெளியில ஒரு கேம்ப்ல விடுறேன் என்றாள். என் முகத்தைப் பார்க்காமல், டிபன் பாக்ஸ் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். நல்லதும்மா என்றேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு, சாயங்காலம் நான் போய்க் கூட்டிவருவதாக இருந்ததும் மாறிவிட்டது. அபர்ணாவோ மாப்பிள்ளையோ வேலை முடிந்து வருகிற வரை குழந்தை அங்கேயே இருக்கிறது.

அபர்ணா மேல் கோபப்பட்டு ஏதாவது கேட்டுவிடாதே. அவள் வேலை பார்ப்பது குழந்தைகள் வார்டு. வீட்டு ஆள், சொந்தக்காரர், வயசானவர் என்று யாரையும் விதிவிலக்காக நினைக்காதே என்பதுதான் அங்கே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அவள் அங்கே என்னென்ன பார்த்திருக்கிறாளோ, நாம் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. வேறு ஒரு வீட்டில் இப்படி நடந்து, ஒரு தாய் தன் பிள்ளையிடம் விசாரிக்காமல் விட்டிருந்தால் நானே அவளைத் திட்டியிருப்பேன். நம் பெண் சரியாகத்தான் செய்தாள். இதைத் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் வெட்கம் போகமாட்டேன் என்கிறது. தப்புச் செய்தவனுக்காவது காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க ஒரு வழி இருக்கிறது. நான் எதைச் சொல்லிக் கேட்பது?

அந்த மிஷெல் நல்ல பெண்தான். விஷயம் தெரிந்ததும், வாழைப்பழம் போட்டு ஒரு கேக் செய்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சோனல் மேனேஜர் எதிரே உட்கார்ந்து மேஜையைத் தட்டிப் பேசிய உன் புருஷன், அவள் குரலைக் கேட்டதும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். அவள் போய்விட்டாள் என்று தெரிகிற வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கேக்கை மாப்பிள்ளை மட்டும் சாப்பிட்டார்.

தெருக்கோடியில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தவராசாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, காலையில் என்னோடு நடக்க வருவாரே, அவர் அன்றைக்கு வாசலில் போலீஸ் கார் நின்றதைப் பார்த்துவிட்டார். நான் நடக்கப் போவதை நிறுத்தியதும் வீட்டுக்கே வந்து, உங்கட வீட்டில பொலிஸ் நிண்டதைக் கண்டனான், கள்ளர் ஆரும் வந்தவங்களே என்று கேட்டார். நான் வாய் கூசாமல், ஆமா, திருட்டுதான் என்றேன். மனுஷன் பயந்துபோய் எல்லோரிடமும் கதைத்துவிட்டார். இப்போது இந்தத் தெருவில் இருக்கிற தமிழ் வீட்டு வாசலில் எல்லாம் புதிதாகக் கேமரா மாட்டியிருக்கிறார்கள். நான் கடைக்குப் போனால் ஒவ்வொன்றும் என்னைப் பார்க்கிறது. சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, எனக்கும் இதை எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வீட்டுக்குள் என் நடமாட்டமே மாறிவிட்டது. என் அறைக் கதவைத் தூங்கும்போதுகூடச் சாத்துவதில்லை. தர்ஷினி பாத்ரூமில் இருந்தால் நான் ஹாலுக்குப் போய் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார்ந்துகொள்கிறேன். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, பழையபடி ஓடிவந்து மேலே சாய்கிறது. சாய்ந்ததும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறேன். ஒரு மனுஷன் எவ்வளவு தண்ணீர்தான் குடிப்பான். தாத்தா ஏன் இப்போது படம் எடுப்பதில்லை என்று கேட்டாள், பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். அவளே ஆரஞ்சை வெட்டித் தரச் சொல்லி, நாற்காலியில் ஏறி ஆணியில் செருகிவிட்டு வருகிறாள். குருவிகள் வந்து தின்றுவிட்டுப் போகின்றன. நான் ஜன்னல் திரையை விலக்குவதே இல்லை.

உடனே ஊருக்கு வந்துவிடலாமா என்று யோசித்தேன். பாதியில் ஏன் வந்தார் என்று அண்ணி முதல் என் வாக்கிங் நண்பர்கள் வரை கேட்பார்கள், அதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். அதைவிட, இப்படியே போய்விட்டால் தர்ஷினிக்கு விவரம் தெரிகிற வயதில், தாத்தா ஏன் திடீரென்று போனார் என்ற கேள்விக்கு இந்த வீட்டில் ஒரே ஒரு பதில்தான் இருக்கும்.

இப்போது நான் இதை எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். நேற்று அபர்ணா என் அறை வாசலில் வந்து நின்றாள். வருகிற வியாழக்கிழமை மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக வெல்லிங்டன் போகிறார், அவளுக்குச் சாயங்கால டியூட்டி, தர்ஷுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீங்க கூட்டிட்டு வந்து, நான் வர்ற வரைக்கும் வெச்சுக்கிறீங்களாப்பா என்று கேட்டாள். நான் எந்த வார்த்தைக்குக் காத்திருந்தேனோ, அதே வார்த்தை. ஆனால் எனக்கு அதை ஏற்றுக்கொள்ளத் தைரியம் வரவில்லை. முழங்கால் வலிக்குதும்மா, அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றேன். உன் முழங்காலை நான் எடுத்துக்கொண்டேன் அம்புஜம், மன்னித்துக்கொள்.

அவள் போகவில்லை. வேற ஆள் கிடைக்காம கேக்கலப்பா, நீங்க போகணும்னுதான் கேக்கிறேன் என்றாள். பிறகு, அன்னைக்கு பாத்ரூம்ல நான் தர்ஷுகிட்ட பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. நாம் சொன்ன பொய் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நம் பெண் முகத்தைப் பார்த்தால் தெரியாதா நமக்கு? எழுந்து போய் அவள் தலையில் கை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கை எழும்பவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லுங்கப்பா, இல்லைன்னா லீவு போட்டுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் என்னை நம்புகிறாள் என்றுதான் நினைக்கிறேன். இப்போது நம்பாதது நான்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த நேரத்தில் எனக்கு என் மேலேயே வந்த சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கும்போது எதிரே வருகிற ஒவ்வொருவரும் என்ன நினைப்பார்கள் என்று தோன்றுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? மாப்பிள்ளையிடம் சொன்னால், விடுங்க மாமா என்பார். அவர் பெருந்தன்மைக்கு முன்னால் நிற்க எனக்கு இன்னும் கூச்சமாகிறது.

அதனால் இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். எல்லோரும் பெரிதாக்கிப் பார்த்த அதே படம். மாப்பிள்ளை ஞாபகமாகக் கடையில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து, இதை அத்தைக்கு அனுப்புங்க மாமா என்று என் மேஜையில் வைத்தார். நீயும் பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் வைத்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். பின்னால் இளஞ்சிவப்பாகத் தெரிவதையும் பார். நீ அப்படிப் பார்த்தால் நான் தப்பாக நினைக்க மாட்டேன், எல்லோரும் பார்த்தார்கள். என்னை உன் அளவுக்குத் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. நீயும் பார்த்துவிட்டாய் என்றால்தான் எனக்கு மூச்சு வரும்.

விக்னேஷ் திங்கட்கிழமை காலையில் உன்னிடம் இதைக் கொடுத்துவிடுவார். அன்றைக்கே கூப்பிடு. ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை, அண்ணி பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. என்ன நடந்தது என்று கேட்காதே, எனக்கு ஆறுதலும் சொல்லாதே, அழவும் செய்யாதே. படம் கிடைத்தது, குருவி நன்றாக விழுந்திருக்கிறது என்று மட்டும் சொல். உனக்கு அப்படித் தோன்றினால் மட்டும் சொல். நீ அதைச் சொல்லிவிட்டால், வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு நான் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பேன்.

உன் காலில் வலி குறைந்து, நீ சீக்கிரம் யார் கையையும் பிடிக்காமல் நடக்க அந்த முருகன் அருள் செய்யட்டும்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
சுந்தரமூர்த்தி